கல்கத்தாவில் ஓயாத பியானோ
அரக்குத் தட்டின் கதை – 17

1942 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க இசைக்கலைஞர்கள் ஒலிப்பதிவுக் கூடங்களைப் புறக்கணித்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அவர்களின் சங்கத் தலைவர் பெட்ரில்லோவைப் பற்றிய குறிப்புகள் மேசையில் தயாராகத்தான் இருந்தன. வியாழக்கிழமை சாயங்காலம் கூரியர்காரர் என் கும்மிடிப்பூண்டி வீட்டு வாசலில் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று முதல் மனசு வேறொரு மனிதரிடம் போய் உட்கார்ந்துவிட்டது.

பெட்டி, மொசைக் நிறுவனத்துடையது. கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் லெஸ்டர் யங் சாக்ஸபோன் வாசித்த 1936 முதல் 1940 வரையிலான பதிவுகள், நான்கு குறுந்தகடுகளில். ஒருவர் வைத்திருந்த பழைய பெட்டிதான். மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் 1983-ல் தொடங்கிய மொசைக், எதையும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் போடாது. தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒரு மூலை நசுங்கி வந்தது. தட்டுகளுக்குச் சேதமில்லை என்று தெரிந்த பிறகுதான் காபி குடித்தேன்.

இந்தப் பாட்டெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, எதற்கு இவ்வளவு செலவு என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு உயிர் பெட்டியோடு வரும் கையேட்டில் இருக்கிறது. எந்தத் தேதி, எந்த ஊர், எந்தக் கருவியில் யார், ஒரே பாட்டை எத்தனை முறை வாசித்து எதை ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் வரிசையாக அச்சிட்டிருக்கும். 78 ஆர்.பி.எம். தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். நம் வித்வான்கள் மணிக்கணக்கில் விரிக்கும் ராகத்தை அதற்குள் அடக்கினார்களே, அதே நெருக்கடிதான் அவர்களுக்கும். ஒதுக்கப்பட்ட வாசிப்பையும் தேர்ந்தெடுத்த வாசிப்பையும் அடுத்தடுத்துக் கேட்டால், லெஸ்டர் யங் அந்தச் சில விநாடிகளுக்குள் எப்படி யோசித்தார் என்பது காதில் விழுகிறது. கைப்பேசி இதைச் சொல்லித் தராது.

அந்தக் கையேட்டில் என் விரல் நின்ற இடம் டிரம்பெட் வாசித்தவர் பெயர். 1936-ல் சிகாகோவில் நடந்த முதல் பதிவில் குழுவின் டிரம்பெட் கலைஞர் பக் கிளேட்டன் இல்லை. உதடு வெடித்திருந்ததால் வேறொருவர் வாசித்தார். பிந்தைய பதிவுகளில் கிளேட்டன் இருக்கிறார். இதே கிளேட்டன் அதற்குச் சில வருடங்கள் முன்பு ஷாங்காயில் கானிட்ரோம் என்ற இடத்தில் குழு நடத்திக்கொண்டிருந்தவர். ஒரு வெள்ளை அமெரிக்கர் வம்புக்கு வந்து கைகலப்பானது. வேலை போனது கிளேட்டனுக்கு. இந்த அநியாயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அவரை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஷாங்காய்க்கு அழைத்துப் போனவர் டெடி வெதர்ஃபோர்ட். இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்துக்கொண்ட மனிதர் அவர்தான்.

1903-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவின் பியானோ கலைஞர். 1926 மே மாதம் அந்தக் குழு பதிவு செய்த இரண்டு பக்கங்களிலும் லூயி ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட், வெதர்ஃபோர்ட் பியானோ. இளம் பியானோக் கலைஞர் ஏர்ல் ஹைன்ஸையே வியக்க வைத்த கை அது. ஆம்ஸ்ட்ராங் அமெரிக்காவிலேயே இருந்து உலகப் புகழ் பெற்றார். வெதர்ஃபோர்ட் அதே வருடம் கப்பல் ஏறி ஆசியாவுக்கு வந்துவிட்டார். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1933-ல் ஷாங்காய் போனபோது அவரைச் சந்தித்துத் தன் பயண நூலில் எழுதினார். 1937-ல் பாரிஸில் தனிப் பியானோப் பதிவுகள் செய்தார். கிரிக்கெட் ஸ்மித்தின் குழுவில் சேர்ந்து, பிறகு இலங்கையில் அந்தக் குழுவுக்கே தலைமை ஏற்றார். நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறார்!

யுத்த காலத்தில் கல்கத்தா. எங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் பறக்கும் ஹவுரா வண்டிகளைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான் வருகிறது. இந்தத் தண்டவாளத்தின் மறுமுனையில், சௌரங்கியில் இருந்த கிராண்ட் ஹோட்டலில் அவர் வாசித்தார். குழுவில் சாக்ஸபோன் வாசித்த ராய் பட்லர் அமெரிக்கர். ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்து தப்பி வந்த இசைக்காரர்களும் கல்கத்தா மேடைகளில் இருந்தார்கள். நம் தமிழர்கள் கால்நடையாக நடந்து வந்த அதே பர்மா. வணிகக் கப்பலில் வேலை செய்துகொண்டிருந்த ஜிம்மி விதர்ஸ்பூன் என்ற இளைஞன் கல்கத்தாவில் இறங்கி இந்தக் குழுவோடு பாடினான். பிற்காலத்தில் ப்ளூஸ் உலகில் பெரிய பெயர் எடுத்தவர் அவர். அமெரிக்கப் படையினருக்கான வானொலியிலும் குழு வாசித்தது. ஊர் விளக்கணைத்துக் கிடந்தது; 1943 பஞ்சத்தில் வங்காளம் லட்சக்கணக்கில் உயிர்களைப் பறிகொடுத்தது. உள்ளே நடனம் நடந்துகொண்டிருந்தது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

பெட்ரில்லோவின் வேலைநிறுத்தம் இங்கேதான் வந்து சேர்கிறது. அதனால் அமெரிக்கப் பெரிய நிறுவனங்களில் ஸ்விங் ஜாஸ் குழுக்கள் பதிவு செய்யவில்லை. டெக்கா 1943 செப்டம்பரில் இறங்கி வந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை பிடிவாதமாக இருந்தன. அந்த மாதங்களில் வெதர்ஃபோர்ட் கல்கத்தாவில் கொலம்பியா முத்திரையில் பதிவு செய்துகொண்டிருந்தார்! தொழிற்சங்கத் தடை இங்கே எட்டவில்லை.

அரக்கும் இங்கேதான் இருந்தது. இந்தத் தொடருக்கே பெயர் கொடுத்த பொருள் அது. சோட்டா நாக்பூர் காடுகளில் புரச மரத்திலும் பூவ மரத்திலும் பூச்சி கட்டும் அரக்கு கப்பல் ஏறிப் போய்த்தான் உலகத்தின் எத்தனையோ தட்டுகள் உருவாயின. பாண்டவரை எரிக்க மாளிகை கட்டிய அதே அரக்கு. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுத் தயாரிப்புக்கான அரக்கை 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதியது என்று அங்கே கடைக்காரர்கள் கேட்டார்கள். எத்தனை அரிய வாசிப்புகள் அப்படி அரைக்கப்பட்டுப் போயின!

1945 ஏப்ரல் 25 அன்று வெதர்ஃபோர்ட் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். வயது 41. யுத்தம் முடியக்கூட இல்லை.

எலிங்டனுக்கு 24 குறுந்தகட்டுப் பெட்டி வந்தது, பில்லி ஹாலிடேவுக்குப் பத்து வந்தது. வர வேண்டியதுதான். ஆனால் ஷாங்காய், கொழும்பு, கல்கத்தா என்று ஒரு கண்டத்துக்கே ஸ்விங் சொல்லிக் கொடுத்தவருக்கு, தேதியும் ஆட்களின் பெயரும் போட்ட அந்த மாதிரி ஒரு பெட்டியை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. 1980-களில் இங்கிலாந்தின் ஹார்லெக்வின் நிறுவனம் இந்திய ஜாஸ் பதிவுகளை ஓர் எல்.பி. தட்டில் தொகுத்தது, நரேஷ் பெர்னாண்டஸ் 'தாஜ்மஹால் பாக்ஸ்டிராட்' என்ற நூலை எழுதினார். அவர்களுக்கு நான் கடன்பட்டவன்.

கல்லூரி நாட்களில் சனிக்கிழமை தோறும் ரயிலேறிச் சென்னை மூர் மார்க்கெட் போவேன். கருப்புத் தட்டுகள் இடுப்பளவு அடுக்கிக் கிடக்கும். எனக்குத் தெரிந்த பாடகர் பெயர் தேடி, தெரியாத ஆங்கிலப் பெயர்களை வேகமாகத் தள்ளிக்கொண்டே போவேன். 1985 மே 30 அன்று மார்க்கெட் எரிந்தது. அரக்கு எப்படி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் கொலம்பியா முத்திரையோடு பழைய தட்டு இருந்து, அதில் வெதர்ஃபோர்ட் என்ற பெயர் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். ஸ்பிரிட் போட்டும் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும். மெல்லிய துணியால் தூசி தட்டி, படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

பெட்ரில்லோ அடுத்த வாரம்.