பலி கொடுத்தாச்சு, கையெழுத்துப் போடுங்க!

கி.பி. 250, ஜூன் 26. எகிப்தில் ஒரு கிராமம். எழுபத்திரண்டு வயசுப் பெரியவர் ஒருவர் கமிட்டிக்கு மனு கொடுக்கிறார். பெயர், அவ்ரேலியஸ் டியோஜெனஸ். அங்க அடையாளம், வலது புருவத்தில் தழும்பு. நம்ம எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் மச்சம் எங்கே என்று எழுதுவார்களே, அதே சமாசாரம்தான். தெய்வங்களுக்குப் பலி கொடுத்தேன், மது வார்த்தேன், பலியிட்ட கறியிலும் ஒரு வாய் சாப்பிட்டேன், கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்கிறார்.

சாமி கும்பிட்டதற்கு சர்டிபிகேட்டா? ஆமாம். சக்ரவர்த்தி டேசியஸின் உத்தரவு.

முந்தைய சக்ரவர்த்தி பிலிப்பைப் போரில் தீர்த்துக்கட்டிவிட்டு 249-ல் ஆட்சிக்கு வந்தவர் அவர். எல்லையில் கோத்துகள் தொல்லை. பழைய தெய்வங்களைக் குளிர வைத்தால் ரோம் பிழைக்கும் என்று கணக்குப் போட்டார். எல்லோரும் பலி கொடுக்க வேண்டும், அத்தாட்சியும் வாங்க வேண்டும். எகிப்து மணலில் இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட அத்தாட்சிகள் கிடைத்திருக்கின்றன. எதிலும் கிறிஸ்தவர்கள் என்ற பேச்சே கிடையாது. முதலைச் சாமியின் கோயில் பூசாரி அம்மாள் ஒருவர்கூட வாங்கி வைத்திருக்கிறார் என்றால் பாருங்கள்!

ஆனால் அடி விழுந்தது கிறிஸ்தவர்கள் மேல். ரோம் பிஷப் ஃபேபியன் ஜனவரியிலேயே உயிரை விட்டார். எல்லோரும் ஃபேபியன் ஆகிவிட முடியுமா? வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், யாரும் பிடித்து இழுக்கும் முன்னாலேயே கூட்டம் பலிபீடத்துக்கு ஓடியது. 'பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க' என்று அதிகாரிகள் சொல்லியும் போகாமல் கெஞ்சினார்களாம். விவரமானவர்கள் பலியே கொடுக்காமல், காசைத் தள்ளிக் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் அந்த ஊர் பிஷப் சிப்ரியன். அவரே அப்போது தலைமறைவு! மேய்ப்பன் ஓடி ஒளியலாமா என்று முணுமுணுப்பு எழுந்தது.

251-ல் டேசியஸ், இன்றைய பல்கேரியாவில் கோத்துகளோடு நடந்த சண்டையில் செத்துப்போனார். நெருக்கடி தணிந்தது. தலைவலி அப்புறம்தான். விழுந்தவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறார்கள். சேர்ப்பதா, கூடாதா? சிறையில் சித்திரவதைப்பட்டவர்களுக்கு ஏக மரியாதை. அவர்கள் மன்னிப்புச் சீட்டு எழுதித் தர ஆரம்பித்தார்கள். சிலவற்றில் 'இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும்' என்று மொட்டையாக ஒரு வரி. ஒரு சீட்டைக் காட்டி முப்பது பேர் நுழைந்தால் என்ன செய்வது என்று சிப்ரியன் புலம்பினார். ஒரு சர்டிபிகேட்டைக் கழுவ இன்னொரு சர்டிபிகேட்!

அந்த வருஷமே கார்த்தேஜில் பிஷப்புகள் கூடிப் பேசினார்கள். காகிதம் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம். பலி கொடுத்தவர்களுக்கோ சாகும் தறுவாயில்தான் மன்னிப்பு. அடுத்த தொல்லை வருகிறது என்று தெரிந்ததும் அதையும் தளர்த்தினார்கள். ரோமில் நோவாஷியன் என்பவர், மன்னிப்பே கூடாது என்று தனிச் சபை கண்டார். அவர்கள் கறார், சபை சிறுத்தது. தடுக்கி விழுந்தவனையும் சேர்த்துக்கொண்ட பக்கம் கூட்டம் பெருகியது. என்னைக் கேட்டால், ரோமை வளைத்ததில் தியாகிகளின் ரத்தத்துக்கு உள்ள பங்கு இந்த அனுசரிப்புக்கும் உண்டு.

சிப்ரியன் என்ன ஆனார்? அடுத்த அடக்குமுறை வலேரியன் காலத்தில். இந்தத் தடவை அவர் ஓடவில்லை. பலி கொடு என்றார் ஆளுநர், மாட்டேன் என்றார் இவர். 258, செப்டம்பர் 14 அன்று தலையை வெட்டினார்கள். அதற்கு முன், வெட்ட வந்தவனுக்கு இருபத்தைந்து பொற்காசுகள் கொடுக்கச் சொல்லித் தன் ஆட்களிடம் உத்தரவிட்டார்.