வாக்குமூலத்தை நம்பாத விளையாட்டு

2001 அக்டோபர் 12 அன்று ஜப்பானில், கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்காக ‘கியாகுதென் சைபான்’ என்ற விளையாட்டு வெளியானது. கேப்காம் நிறுவனத்தில் தகுமி ஷூ என்ற இயக்குநரும் ஒரு சிறு குழுவும் சேர்ந்து அதை உருவாக்கியிருந்தார்கள். சுடுவதோ குதிப்பதோ அதில் கிடையாது. கொலைப் பழியோடு கூண்டில் நிற்பவருக்காக வாதாடும் புதுமுக வக்கீலாக நாம் அமர்கிறோம். சாட்சி சொல்வதைப் படிக்க வேண்டும், பொய் ஒளிந்திருக்கும் வரியைக் கண்டுபிடிக்க வேண்டும், அந்த வரியை உடைக்கும் சான்றை எடுத்து நீட்ட வேண்டும். 2005-ல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வந்தபோது ‘ஃபீனிக்ஸ் ரைட்: ஏஸ் அட்டர்னி’ என்ற பெயரில் ஆங்கிலத்திலும் அது பரவியது. கத்தலும் கைநீட்டலும் நிறைந்த நீதிமன்றக் கேலிக்கூத்து என்று இதை ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒருவர் சொன்னதைப் பொருளோடு உரசிப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்ற ஒரே விதியில்தான் இந்த விளையாட்டு முழுவதும் நிற்கிறது. ஜப்பானியக் குற்றவியல் நீதியில் பல பத்தாண்டுகளாகப் பலவீனமாக இருந்ததும் அதே விதிதான். இந்த விளையாட்டை அந்த வரலாற்றின் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

முதல் வழக்கையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பதிப்பின்படி, ஒரு பெண் தன் அடுக்ககத்தில் தலையில் அடிபட்டு இறந்துகிடக்கிறாள். பத்திரிகைச் சந்தா பிடிக்க வந்தவன் பிணத்தை ஒரு மணிக்குப் பார்த்ததாகச் சொல்கிறான். பிரேதப் பரிசோதனை அறிக்கையோ மரணம் மாலை நான்கு மணிக்கு மேல் என்கிறது. நேரத்தைத் தொலைக்காட்சியில் கேட்டேன் என்கிறான். அந்தக் கட்டடத்தில் அப்போது மின்சாரமே இல்லை. உடனே பேச்சை மாற்றி, அறையில் இருந்த கடிகாரத்தைச் சொல்கிறான். ஆனால் அங்கே இருந்தது ஒரு சிலை. அதன் தலையைச் சாய்த்தால் மணி சொல்லும் என்பது பார்த்தவுடன் தெரியாது. அதைக் கையில் எடுத்தவனுக்குத்தான் தெரியும், கொன்ற ஆயுதமும் அதுதான். கடைசியாக, மூன்று மணி நேர வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இறந்தவளின் பாஸ்போர்ட் அவள் முந்தின நாள்தான் பாரிஸிலிருந்து திரும்பினாள் என்று காட்டுகிறது. கடிகாரம் பாரிஸ் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு பொய்யும் அடுத்த பொய்யை ஈன்று, ஒவ்வொன்றும் ஒரு காகிதத்திலோ ஒரு பொருளிலோ மோதி உடைகிறது. பொய் சொல்பவனின் முகத்தைப் பார்த்து இங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

கருவியின் சிறுமையும் இதற்கு உதவியது. கேம் பாய் அட்வான்ஸின் திரை சிறியது, நினைவகமும் குறைவு. படங்களைக் குவிக்க வழியில்லாத இடத்தில் எழுத்து முன்னுக்கு வந்தது. சாட்சியம் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியமாகத் திரையில் நிற்கிறது. பொத்தானை அழுத்தி முன்னும் பின்னும் போய் எந்த வாக்கியத்திலும் நின்று அழுத்திக் கேட்கலாம். வழக்குத் தாள்களை விரல் வைத்துப் படிக்கும் வக்கீலின் வேலை இது. இதில் ஒரு மாற்றமும் இருக்கிறது. ஜப்பானில் துப்பறியும் விளையாட்டுக்கு அடித்தளமிட்டது ஹோரி யூஜி 1983-ல் உருவாக்கிய ‘போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு’. அதில் ஆட்டக்காரர் காவல்துறை நாற்காலியில் அமர்ந்து, உதவியாளருக்கு உத்தரவிட்டு, சந்தேக நபர்களை அழைத்து விசாரிப்பார். தகுமியும் முதலில் ஒரு துப்பறிவாளரைத்தான் நாயகனாக நினைத்திருந்தார். சாட்சியத்தின் முரணை உடைப்பதே ஆட்டம் என்று முடிவானபின் நாயகன் வக்கீலானான். விசாரணை அறையிலிருந்து எதிர்த்தரப்பு மேசைக்கு ஆட்டக்காரரை இடம் மாற்றியதுதான் இந்த விளையாட்டு செய்த பெரிய காரியம் என்பேன்.

அந்த விசாரணை அறையின் கதை இருண்டது. ஜப்பானில் குற்றச்சாட்டுப் பதிவதற்கு முன்பே ஒருவரை 23 நாட்கள் வரை காவலில் வைத்து விசாரிக்கலாம். விசாரிக்கும்போது பக்கத்தில் வக்கீல் இருக்க உரிமையில்லை. ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 38-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அந்த வாக்குமூலத்துக்குத்தான் எப்போதும் எடை. 1966-ல் ஷிசுவோகாவில் ஒரு குடும்பத்தின் நால்வர் கொலையுண்ட வழக்கில், மிசோ என்ற சோயா விழுது தயாரிக்கும் ஆலையின் தொழிலாளி ஹக்கமாடா இவாவோ கைதானார். வாரக்கணக்கில் விசாரித்தபின் ஒப்புக்கொண்டார், நீதிமன்றத்தில் மறுத்தார். அவரிடம் எழுதி வாங்கிய 45 வாக்குமூலங்களில் 44-ஐ நீதிமன்றமே ஏற்கவில்லை. மிஞ்சிய ஒன்றும், ஓராண்டுக்குப் பிறகு மிசோத் தொட்டியில் கிடைத்ததாகச் சொன்ன ரத்தக்கறை படிந்த உடைகளும் அவருக்கு 1968-ல் மரண தண்டனை வாங்கித் தந்தன. அந்தக் கால்சட்டை அவருக்குப் போடவே முடியவில்லை. ஓராண்டுக்கு மேல் மிசோவில் ஊறிய ரத்தக் கறை சிவப்பாகவே இருக்குமா என்ற கேள்வி பிற்கால மறுவிசாரணையின் மையமானது. 2024 செப்டம்பர் 26 அன்று நீதிமன்றம் அவரை நிரபராதி என்றது; அந்த உடைகள் புலனாய்வாளர்கள் புனைந்தவை என்றும் சொன்னது. நிறம் மாறாத கறை, பொருந்தாத கால்சட்டை. எந்த ஆட்டக்காரரும் இவற்றை முதல் நாளே எடுத்து நீட்டியிருப்பார். அவர் 48 ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஜப்பானில் வழக்கு தொடரப்பட்டால் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனைதான் என்ற புள்ளிவிவரத்தைக் கொண்டு அந்நாட்டு நீதியை மதிப்பிடக் கூடாது. சந்தேகமுள்ள வழக்குகளை அரசு வழக்கறிஞர்களே வடிகட்டிவிடுகிறார்கள், உறுதியானவை மட்டுமே நீதிமன்றம் வருகின்றன என்பது அந்த வாதம். வடிகட்டுவது உண்மை. ஆனால் தவறு வடிகட்டியின் உள்ளேயே நடந்தால், அதைப் பிடிக்க வேண்டிய நீதிபதி ஏற்கெனவே நம்பிவிட்டிருப்பார். தொயாமா மாவட்டத்தின் ஹிமி நகரில் தான் செய்யாத குற்றத்துக்காக 2002-ல் கைதான ஒருவர் அதை ஒப்புக்கொண்டார், சிறை சென்றார், தண்டனையை முடித்தும் வந்தார். சம்பவ நேரத்தில் அவர் வீட்டுத் தொலைபேசியில் பேசியதற்குப் பதிவு இருந்தது. கிடைத்த காலடித் தடமும் அவர் கால் அளவுக்குப் பொருந்தவில்லை. இரண்டும் ஆரம்பத்திலிருந்தே கோப்பில் இருந்தன. உண்மைக் குற்றவாளி வேறு வழக்கில் பிடிபட்டபின்தான் 2007-ல் விடுதலைத் தீர்ப்பு வந்தது. 2010-ல் ஒசாகாவில் அரசு வழக்கறிஞர் ஒருவர், சான்றாகக் கைப்பற்றிய ஃபிளாப்பி வட்டின் தேதியையே மாற்றியது அம்பலமானது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட சுகாதாரத் துறை உயர் அதிகாரி முராகி அத்சுகோ விடுதலையானார். நாற்பது ஆண்டுகள் தோல்வியே காணாத அரசு வழக்கறிஞர் ஒருவரை இந்த விளையாட்டு 2001-லேயே கூண்டின் எதிரே நிறுத்திவிட்டது. வெற்றிக் கணக்கைக் காப்பாற்றுவது உண்மையைக் காப்பாற்றுவதைவிடப் பெரிதாகும்போது என்ன நடக்கும் என்று அந்தப் பாத்திரம் காட்டுகிறது.

இன்னொரு மறுப்பு விளையாட்டுக்குள்ளிருந்தே வருகிறது. இறந்தவர்களின் ஆவியை வரவழைக்கும் பெண் வருகிறாள், வழக்கு மூன்றே நாளில் முடிகிறது; எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கட்சிக்காரர் கொல்லவில்லை என்று காட்டினால் போதாது, கொன்றவர் யார் என்றும் வக்கீலே கண்டுபிடிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பினுடையது என்ற அடிப்படையையே இது தலைகீழாக்குகிறது. அதைப் பார்த்துப் பழகும் இளைஞர் நீதியைத் தவறாகப் புரிந்துகொள்வார் என்பார்கள். இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் சுமை தலைகீழானது கற்பனையில் மட்டுமா? ஹிமி வழக்கை மறுபடி பாருங்கள். தொலைபேசிப் பதிவு அவரைக் காப்பாற்றவில்லை, தடத்தின் அளவும் காப்பாற்றவில்லை. வேறொருவன் வந்து நான்தான் என்று சொன்ன பிறகே கதவு திறந்தது. ஆவி வரும் காட்சிகளைத் தள்ளிவிட்டாலும் இந்தச் சுமை மட்டும் தள்ள முடியாததாக நிற்கிறது. துப்பறியும் கதைக்குக் கொலையாளி வேண்டும் என்பதற்காகவே தகுமி அப்படி அமைத்திருக்கலாம். அப்படி அமைத்தது ஜப்பானிய வாசகருக்கு நம்பும்படியாக இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சட்டம் மாறியதற்கு இந்த விளையாட்டே காரணம் என்று ரசிகர்கள் சிலர் நினைக்க விரும்புவார்கள். கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. குடிமக்கள் ஆறு பேர், நீதிபதிகள் மூவர் சேர்ந்து தீர்ப்பளிக்கும் முறைக்கான சட்டம் 2004-ல் நிறைவேறியது. 2007-ல் வந்த இந்தத் தொடரின் நான்காவது விளையாட்டு அதைப் பார்த்துத்தான் தன் கடைசி வழக்கில் குடிமக்களை நீதிமன்றத்துக்குள் அழைத்தது. உண்மையான முறை 2009 மே மாதம் தொடங்கியது. சட்டம் முன்னே போனது, விளையாட்டு பின்தொடர்ந்தது. ஜப்பானில் 1928-லிருந்து 1943 வரை ஜூரி முறை இருந்தது என்பதையும் பலர் மறந்துவிட்டார்கள். போர்க்காலத்தில் நிறுத்தியதை அதன்பின் மீட்கவே இல்லை. குடிமக்கள் வந்த பிறகும் விசாரணை அறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. விசாரணை முழுவதையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் 2019 ஜூனில்தான் வந்தது. அதுவும் குடிமக்கள் அமரும் கடும் குற்ற வழக்குகளுக்கும் அரசு வழக்கறிஞர்களே நேரடியாகப் புலனாய்வு செய்யும் வழக்குகளுக்கும் மட்டும். மற்ற வழக்குகளில் அறைக்குள் என்ன பேசப்பட்டது என்பதற்கு இன்னும் காவலர் எழுதிய தாள்தான் பெரும்பாலும் சாட்சி. அந்த வரியை அழுத்திக் கேட்க எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் வேறு எதுவும் இல்லை.