கிருமி இல்லாத நீர்க்கடுப்பு

சிறுநீர்ப்பை நிறைய நிறைய அடிவயிற்றில் வலி ஏறும். நீர் பிரிந்ததும் சற்றுத் தணியும். சிறிது நேரத்தில் மறுபடி தொடங்கும். இரவிலும் விடாது. சிறுநீரைச் சோதித்தால் கிருமி இருக்காது. இது ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணமும் தென்படாவிட்டால் அதை இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் அல்லது சிறுநீர்ப்பை வலி நோய் என்பார்கள். பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. ஆண்களுக்கு வரும்போது புராஸ்டேட் கோளாறு என்று கருதி வைத்தியம் திசைமாறிப் போவதுண்டு.

சேலம், நாமக்கல் சமவெளியில் நீர்க்கடுப்புக்கு முதலில் சொல்லப்படும் காரணம் சூடு. வெயிலில் அலைந்தது, தறியிலேயே உட்கார்ந்திருந்தது, தண்ணீர் குடிக்காதது என்று பேசுவார்கள். இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய் என வீட்டிலேயே வைத்தியம் நடக்கும். சித்த மருத்துவம் நீர் சார்ந்த நோய்களை நீரை அருக்குபவை, பெருக்குபவை என இரண்டாகப் பிரித்தது. நீர்ச்சுருக்கும் கல்லடைப்பும் முதல் வகை. நெருஞ்சிலும் சிறுபீளையும் அவற்றுக்குக் கைகண்ட மூலிகைகள். பொங்கலையொட்டி கொங்கு வீடுகளில் வேப்பிலை, ஆவாரம்பூவோடு காப்புக் கட்டும் பூளைப்பூ இந்தச் சிறுபீளைதான். நீர் குறைந்து வரும் எரிச்சலுக்கு இந்த வைத்தியம் பொருந்தும். ஆண்டுக்கணக்கில் விடாத வலிக்கு இது மட்டும் போதாது.

பிலடெல்பியா மருத்துவர் ஜோசப் பாரிஷ் 1836-இலேயே, கல்லே இல்லாமல் கல்லடைப்பு போல வதைக்கும் இத்தகைய வலியைப் பதிவு செய்தார். 1879-இல் மருத்துவர் மேக்ஸ் நிட்சே வியன்னாவில் காட்டிய சிஸ்டோஸ்கோப் என்ற கருவி, சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் கண்ணால் காண வழி திறந்தது. 1887-இல் நியூயார்க்கின் அலெக்சாண்டர் ஸ்கீன் இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்ற பெயரை வழங்கினார். 1915-இல் மருத்துவர் கை ஹன்னர் பையின் சுவரில் கண்ட சிவந்த புண்கள் அவர் பெயராலேயே அறியப்பட்டன. அந்தக் கண்டுபிடிப்பு ஒரு கெடுதலையும் செய்தது. நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு அந்தப் புண் இருப்பதில்லை. புண் தெரியாதபோது மருத்துவர்கள் வலியையே நம்ப மறுத்தார்கள். 1949-இல் மருத்துவர் ஜான் ஹேண்ட் 223 நோயாளிகளை ஆராய்ந்து எழுதிய பிறகும், 1970கள் வரை இதை மனக்கோளாறு என்று ஒதுக்கும் போக்கு மருத்துவப் பாடநூல்களிலேயே இருந்தது. சிறுநீரியல் வரலாற்றில் வருந்தத்தக்க காலம் அது. தானும் இந்நோயால் அவதிப்பட்ட மருத்துவர் விக்கி ராட்னர் 1984-இல் அமெரிக்காவில் நோயாளிகளுக்கான சங்கம் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. 1987-இல் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம் இதற்கெனக் கூட்டம் நடத்தி அளவுகோல்களை வகுத்தது.

இந்தியாவில் முதலில் விலக்க வேண்டிய நோய் காசம். சிறுநீரில் சீழணுக்கள் இருந்தும் வழக்கமான கல்ச்சர் என்ற கிருமி வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளராவிட்டால், பையைச் சுருக்கும் காசநோயை நினைத்தாக வேண்டும். கல், புற்றுநோய், கருப்பை சார்ந்த கோளாறுகளையும் பார்த்தாக வேண்டும். சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1986-இல். இன்று ஃபேர்லேண்ட்ஸிலும் ஐந்து ரோட்டிலும் மருத்துவமனைகள் நெருங்கி நிற்கின்றன. ஆனாலும் கல்ச்சர் எடுக்காமலேயே கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கும் பழக்கம்தான் நோயறிதலைத் தள்ளிப்போடுகிறது.

இந்நோயை அடியோடு போக்கும் மருந்து இல்லை. அடக்கி வைக்க முடியும். எப்போது, எவ்வளவு நீர் போனது, என்ன சாப்பிட்டது என்று சில நாள் குறித்து வைத்தாலே வலியைத் தூண்டுவது பலருக்குப் பிடிபடும். காபி, டீ, காரம், புளிப்பு ஆகியவை அடிக்கடி சிக்குபவை. சூட்டைத் தணிக்கக் குடிக்கும் எலுமிச்சைச் சாறே சிலருக்கு வலியைக் கிளப்பும். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் கூடும். இடுப்புத்தளத் தசை இறுகியவர்களுக்கு அதைத் தளர்த்தும் பிசியோதெரபி உதவும். இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி கூடாது. மாத்திரைகளில் அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் தரப்படுகிறது. 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பென்டோசான், நீண்ட நாள் உட்கொண்டவர்களின் விழித்திரையைப் பாதிப்பதாக 2018-இல் தெரியவந்தது. அதை எடுப்பவர்கள் கண் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. பைக்குள் நேரடியாகச் செலுத்தும் டிஎம்எஸ்ஓ என்ற மருந்து 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹன்னர் புண் இருந்தால் சிஸ்டோஸ்கோப் வழியே அதைச் சுட்டெரிப்பது நல்ல பலன் தரும். வேறெதற்கும் அடங்காத மிகச் சிலருக்கே பையை அகற்றும் அறுவை செய்யப்படுகிறது. அதன் பிறகும் வலி நீடிப்பதுண்டு என்பதை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும்.