வட்டுவாகலில் இருந்து கொழும்புக் கோட்டைக்கு: ஒரு களப்பு நண்டின் பயணம்

முல்லைத்தீவின் நந்திக்கடலில் பிடிபடும் களப்பு நண்டு நந்திக்கடலில் பிறந்ததல்ல. அதன் தாய் முட்டைகளைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போய்விடும். ஒரு தாயின் வயிற்று மடிப்புக்குள் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகள்கூட இருக்கும். பொரித்து வரும் குஞ்சில் நண்டின் சாயலே இராது. கண்ணும் முள்ளுமாக நீரில் மிதக்கும் ஒரு துரும்பு அது. ஐந்து நிலைகள் தாண்டி, தோல் கழற்றிக் கழற்றி உருமாறி, சில கிழமைகளுக்குப் பிறகே நண்டின் வடிவம் பெற்றுக் கரை தேடும். மாரி வெள்ளம் மணல் திட்டை அறுத்து வட்டுவாகல் தொடுவாயைத் திறந்துவிடும் நாட்களில்தான் அதற்கு உள்ளே வர வழி. தொடுவாய் சரியாகத் திறக்காத வருடத்தில் குஞ்சு உள்ளே வருவதும் தாய் வெளியே போவதும் தடைப்படும். தொடுவாய் எப்போது வெட்டுப்படும் என்று முல்லைத்தீவில் களப்புத் தொழில் செய்பவர்கள் மழைக்காலம் முழுக்க விசாரித்துக்கொண்டிருப்பது காரணமில்லாமல் அல்ல.

உள்ளே வந்த நண்டு சேற்றில் வளை தோண்டும். கண்டல் வேர்களுக்குள் ஒதுங்கும். சிப்பி, நத்தை, செத்த மீன், தன்னிலும் சிறிய நண்டு என்று கிடைத்ததைத் தின்னும். வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய கையோடு உடம்பெல்லாம் நீரை ஏற்றிப் பருத்துக்கொள்ளும். புது ஓடு இறுகும்போது வெளியே பெரிய நண்டு, உள்ளே பாதிக்கு மேல் தண்ணீர். சதை பிடிக்க இன்னும் நாள் எடுக்கும். அதனால்தான் நண்டு வாங்குபவர் கையில் எடுத்தவுடன் அடி ஓட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறார். அமுங்கினால் விலை விழும். கல்லுப்போல நின்றால் அது வெகுதூரம் போகத் தகுதியான நண்டு.

நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம் என்று வன்னியின் கிழக்குக் கரை நெடுகக் களப்புகள். இவற்றில் நண்டுத்தொழில் பெரிய முதல் கேட்பதில்லை. ஒரு சிறு வள்ளமோ தெப்பமோ, நண்டு வலை, இரை வைத்த கூடு, இவை போதும். ஆழம் குறைந்த இடத்தில் இறங்கி நடந்தே பிடிப்பவர்களும் உண்டு. பிடித்த நண்டைக் கட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. முதுகில் பாதத்தை மெல்ல வைத்து அழுத்தி, இரண்டு பெருங்கால்களையும் மடக்கி, கயிற்றை முன்னே கொடுத்துப் பின்னே இறுக்க வேண்டும். விரலெலும்பை நொறுக்கும் வலு அந்தக் கால்களுக்கு உண்டு. கால் ஒன்று முறிந்துவிட்டாலோ அந்த நண்டு தரம் இறங்கிவிடும். இந்த வேலையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும் கைகள் வன்னிக் கரைகளில் ஏராளம். அந்தக் கைகளின் பெயர் எந்த உணவகத்துப் பட்டியலிலும் வருவதில்லை.

இந்த நண்டு தெற்கே போகத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். தொண்ணூறுகளில் வன்னிக்குள் எரிபொருளே தடைசெய்யப்பட்ட பொருள். ஐஸுக்கும் கூலர் வாகனத்துக்கும் எங்கே போவது? பிடித்த நண்டு புதுக்குடியிருப்புச் சந்தையோடும் வீட்டுக் கூழ்ச் சட்டியோடும் நின்றுவிட்டது. 2002 போர் நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் அந்தப் பாதை மூடப்பட்டது. பிறகு நடந்ததை எந்த வாசகருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2009 மே மாதத்தில் நந்திக்கடலின் தண்ணீரைக் கடந்துதான் சனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டுவாகல் பக்கம் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் வந்து சேரவில்லை. வந்தவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கம்பிவேலிக்குள் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பியவர்களில் பலருக்கு வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. ஆள்களற்ற காலத்திலும் களப்பு தன் வேலையைச் செய்திருந்தது. சேற்றுக்குள் நண்டு இருந்தது. கையில் எதுவுமில்லாமல் வந்தவனுக்கு முதற்காசு கொடுத்தவற்றில் அதுவும் ஒன்று. நண்டைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கரைக்கு வரும் நண்டு ஈரச் சாக்கிலோ ரெஜிபோம் பெட்டியிலோ ஏறுகிறது. செவுளில் ஈரம் காயாதவரை களப்பு நண்டு தண்ணீருக்கு வெளியே பல நாட்கள் உயிரோடிருக்கும். அதன் வணிகம் முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது. செத்த நண்டை நல்ல சமையலறை எதுவும் வாங்காது. உயிர் போனதும் சதை விரைவில் குழைந்து மணம் மாறிவிடும். முல்லைத்தீவில் ஏறிய பெட்டி ஒட்டுசுட்டான் தாண்டி ஏ34 வழியே மாங்குளம் வந்து, ஏ9இல் வவுனியா கடந்து, மதவாச்சிக்கு அப்பால் மேற்குக் கரையை நோக்கி இறங்கும். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம். ஒவ்வொரு கை மாறும்போதும் நண்டு ஊரை இழக்கிறது. கரையில் அது நந்திக்கடல் நண்டு. மாங்குளத்தில் முல்லைத்தீவு நண்டு. நீர்கொழும்புப் பக்கம் போனதும் வடக்கு நண்டு. அங்கே நிறை பார்த்துத் தரம் பிரிக்கும்போது புத்தளத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவற்றோடு கலந்துவிடும்.

நீர்கொழும்பில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு. சிங்கப்பூரின் புகழ்பெற்ற மிளகாய் நண்டு 1956இல் செர் யாம் தியான் என்ற பெண்மணி கடற்கரையில் தள்ளுவண்டிக் கடை வைத்துத் தொடங்கிய கறி. அந்தக் கறிக்குப் பெரிய நண்டு வேண்டுமென்று தேடியவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். பல பத்தாண்டுகளாக அங்கே ‘இலங்கை நண்டு’ என்பதே தரத்தின் பெயர். பெரியதும் கனமானதும் விமானமேற, உள்ளூர்ச் சந்தைக்கு எஞ்சியதே கிடைத்தது.

மற்றப் பாதை கொழும்புக்கு. அங்கே நம் நண்டு யப்பானிய வழி வந்த ஒரு சமையற்காரரின் பார்வைக்குள் வருகிறது.

வன்னிக்கு யப்பான் புதிதல்ல. வள்ளத்தின் பின்னால் இருக்கும் யமஹா இயந்திரம் யப்பான். போருக்குப் பிறகு கண்ணிவெடி அகற்றிய இடங்களில் நட்ட பலகைகளில் யப்பானியக் கொடியையும் கண்டோம். அந்த வேலைக்கு அந்த நாடு நிதி தந்தது. ஆனால் யப்பானியச் சாப்பாடு என்றால் ‘பச்சை மீன்’ என்ற ஒற்றை நினைப்போடு நின்றுவிடுகிறோம். கொழும்பில் நம் நண்டைப் பார்த்த அந்தச் சமையற்காரர் தர்ஷன் முனிதாச. தாய் வழியில் யப்பானியர், தந்தை வழியில் இலங்கையர், தோக்கியோவில் பிறந்தவர். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியலும் சர்வதேச உறவுகளும் படித்தவர். சமையற் கல்லூரிப் படிப்பு இல்லை. 1995இல் கொழும்பு காலிமுகத்திடலுக்கு அருகே ‘நிஹொன்பாஷி’ என்ற யப்பானிய உணவகத்தைத் திறந்தார். 2011 டிசெம்பரில், கோட்டையில் பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டபோது, கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோருடன் சேர்ந்து ‘மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்’ உணவகத்தை ஆரம்பித்தார். விமானமேறிப் போன நண்டை நாட்டுக்குள் நிறுத்துவதே அதன் எண்ணம். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் அது பல தடவை இடம்பெற்றது. ஷங்காய், மும்பை, பாங்கொக் என்று கிளைகளும் போயின.

இந்த இரண்டாவது கடை யப்பானிய உணவகம் அல்ல. ஆனால் அதன் சமையலறைச் சட்டங்கள் யப்பானியவை. உறைகுளிர்ப்பெட்டி கிடையாது. அன்றைக்கு வந்த நண்டு அன்றைக்கு. அரைக் கிலோவுக்குக் குறைந்த நண்டு தட்டில் வராது. பலகையில் நிறை எழுதப்படும். இரண்டு கிலோ நண்டுக்குத் தனிப் பெயரே உண்டு. மிளகு நண்டைச் சமைக்கும்போது இலங்கை மிளகோடு தாஷி என்ற யப்பானியச் சாறு சேர்கிறது. கடற்பாசியும் கட்சுவோபுஷியும் போட்டு இறக்கும் சாறு அது. கட்சுவோபுஷி வேறொன்றுமல்ல: சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்த கட்டை. நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடும் அதே சூரைதான், ஏறக்குறைய அதே பக்குவந்தான். 1908இல் தோக்கியோவில் இகெடா கிகுனாயே கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் குளூட்டமேற்று காரணம் என்று கண்டார். 1913இல் கொடாமா ஷிந்தாரோ கட்சுவோபுஷியில் இன்னொரு பொருளைப் பிரித்தார். இரண்டும் சேரும்போது ருசி பல மடங்காகிறது. மாசிச் சம்பல் இல்லாமல் இடியப்பம் இறங்காது என்பவர்களுக்கு இந்த விஞ்ஞானம் நாக்கில் எப்போதோ தெரிந்ததுதான்.

யப்பானியர் நண்டின் இயல்பான இனிப்பைக் காப்பாற்றுவதற்காக மற்றெல்லாவற்றையும் விலக்குகிறார்கள். ஆவியில் அவிப்பார்கள், அல்லது மெல்லிய சாற்றில் முக்கி எடுப்பார்கள். ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சட் கொழுப்பு அவர்களுக்குத் தனிப் பண்டம். கடைசியில் மிஞ்சிய சாற்றில் சோற்றைப் போட்டுக் கஞ்சியாக்கி விருந்தை முடிப்பார்கள். வன்னி வீட்டில் வழி வேறு. வறுத்த தூள், உள்ளி, பெருஞ்சீரகம், பழப்புளி, தேங்காய்ப்பால், இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. கூழென்றால் ஒடியல் மாவோடு நண்டு, இறால், மீன், பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி. யப்பானியச் சமையலில் நண்டு தனித்து நிற்கிறது, கூழில் எல்லாவற்றோடும் கூடி நிற்கிறது. எது உயர்ந்தது என்று கேட்டால் எனக்கு இன்றும் கூழ்தான். ஆனால் நல்ல நண்டையும் நடுத்தர நண்டையும் தூளால் சமன்செய்துவிடலாம் என்ற பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. யப்பானிய மேசையில் அந்தத் தப்பு வழி கிடையாது. அங்கே சேறும் நீரும் தொழிலாளியின் கையும் அப்படியே நாக்குக்கு வருகின்றன.

அப்படியானால் அந்தச் சேறும் நீரும் எந்த ஊருடையவை என்று சொல்ல வேண்டாமா? யப்பானில் சொல்கிறார்கள். ஷிசுவோகா மாவட்டத்தில் ஹமானா என்றொரு ஏரி. 1498இல் பூகம்பமும் கடற்பெருக்கும் மணல் திட்டை உடைத்ததால் கடலோடு கலந்த நீர்நிலை. அங்கே நம் களப்பு நண்டுக்கு மிக நெருங்கிய இனம் ஒன்று குறைவாகப் பிடிபடுகிறது. ‘ஹமானா ஏரியின் டோமன் நண்டு’ என்று ஏரியின் பெயரைச் சொல்லித்தான் அது விலைபோகிறது. யப்பான் கடற்பக்கத்துப் பனி நண்டுக்குக் கட்டுப்பாடு இன்னும் கூட. நவம்பர் 6இல் பருவம் தொடங்கும். ஃபுகுயி மாவட்டத்தில் கரையேறும் எச்சிசென் நண்டின் காலில் 1997 முதல் மஞ்சள் பட்டியொன்றைக் கட்டுகிறார்கள். இறங்கிய துறைமுகத்தின் பெயர் அதில் இருக்கும். தோக்கியோவில் விலையுயர்ந்த உணவகத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பட்டியைப் பார்த்துத் தான் எந்தக் கரையை உண்கிறேன் என்று அறிவார். அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலையும் கொடுப்பார்.

யப்பானிய உணவகங்களிடமிருந்து இலங்கை நிறையை எடுத்துக்கொண்டது, உறைகுளிரில் வைக்காத பழக்கத்தை எடுத்துக்கொண்டது, தாஷியை எடுத்துக்கொண்டது. பட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் மேசைக்கு வரும் நண்டு எத்தனை கிராம் என்று தெரிகிறது. நந்திக்கடலா, கொக்கிளாயா, புத்தளமா என்று பெரும்பாலும் தெரிவதில்லை. இந்தப் பயணத்தில் எனக்குள்ள ஒரே மனக்குறை இதுதான். போர்ச் செய்திகளால் உலகம் அறிந்த பெயர் நந்திக்கடல். அந்தப் பெயரை அங்கே உழைத்து உண்ணும் சனங்களின் நல்ல விளைபொருளொன்றும் சுமக்க வேண்டும்.

களப்பின் பெயரை எழுதினால் களப்பைக் காக்கும் பொறுப்பும் கூடவரும். சிறு நண்டைத் திருப்பி விடவும், முட்டை சுமக்கும் தாயைத் தொடாமலிருக்கவும், கண்டலை வெட்டாமலிருக்கவும் ஒரு காரணம் கிடைக்கும். கொக்கிளாய் 1951 முதல் சரணாலயம். நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்கிடங்களாக அறிவிக்கப்பட்டபோது, தங்கள் தொழில் என்னாகும் என்ற பயமே கரையோரத்தில் முதலில் எழுந்தது. மேலிருந்து வரும் வர்த்தமானி கரையோர மக்களை அந்நியராக்குகிறது. அவர்களே கட்டும் பட்டி அவர்களைக் காவலராக்கும்.

இது நடக்காத காரியமல்ல. இலங்கைக் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டை வழங்கியது. நண்டுக்கு அவ்வளவு தூரம்கூட முதலில் போக வேண்டியதில்லை. முல்லைத்தீவின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு நிறத்தைத் தேர்ந்து, நண்டு கட்டும் கயிற்றோடு களப்பின் பெயர் பொறித்த சிறு பட்டியொன்றையும் கட்டத் தொடங்கலாம். கடற்றொழில் திணைக்களமும் வாங்கும் கொழும்பு உணவகங்களும் அதை வெட்டி எறியாமல் மேசைவரை வரவிட்டால் போதும். கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பெரிய உணவகமொன்றில் நண்டுக்கு முன்னால் அமரும் தமிழ் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன்: நிறையைக் கேட்பதற்கு முன்னால், இது எந்தக் களப்பின் நண்டு என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.