சதிரும் பரதமும்: அழகின் அளவுகோல்

ஒரு கலையின் அழகை ஆடுவோர் மட்டும் வரையறுப்பதில்லை. அரங்கின் வாயில் காப்போரும் வரையறுக்கின்றனர். சதிர் பரதநாட்டியமான வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தஞ்சை நால்வர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்திய ஆடல்முறையை, இன்று இசைவேளாளர் எனப்படும் மரபினரே வழிவழியாகக் காத்துவந்தனர். 1930களில் சென்னை மியூசிக் அகாதெமி அதற்கு மேடையளித்து, பரதநாட்டியம் என்னும் பெயரையும் நிலைநிறுத்தியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். ஆடையும் அரங்கமைப்பும் மாறின. சிருங்காரம் ஒடுங்கப் பக்தி ஓங்கிற்று. தூய்மையே அழகின் அளவுகோலாயிற்று.

1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்தது. கொடுமை நீங்கியது நன்றே. ஆயின் அதனோடு மரபுவழிக் கலைஞர் பலரும் அரங்கினின்று நீங்க நேர்ந்தது. எஞ்சி நின்ற பாலசரஸ்வதி, சிருங்காரமே ஆடலின் உயிர் என்றும், அதனைத் தூய்மை செய்யவேண்டுவதில்லை என்றும் வாதிட்டார். 1973இல் அதே அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் வழங்கியது. எனினும் அவர்தம் மரபுப் பெண்டிர் பலர் இழந்த அரங்கு மீளவில்லை.

காதலை அகத்திணையாக வகுத்துப் போற்றிய மொழியில், அக்காதலின் அபிநயம் இழிவெனப்பட்டது எங்ஙனம்? இவ்வினாவை ஆராய்தல் அகப்பாடல் பயிலும் நம் கடனாகும்.