சூட்டுக்குறி யாருடையது? அமெரிக்க மேற்கில் கௌபாய், பண்ணையார், உழவர்

முன்னுரை

தமிழ் வாசகருக்குக் கௌபாய் துப்பாக்கியோடுதான் அறிமுகமானான். லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லர், எம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ (1972) முதலியவற்றில் தொப்பியும் குதிரையும் பழிவாங்கலும் முன்னே நிற்கும். மாடு பின்னணியில் எங்கோ மேய்ந்துகொண்டிருக்கும். டெக்ஸ் வில்லர் இத்தாலியில் உருவான பாத்திரம். இந்த உருவம் மாட்டையும் கூலியையும் விட்டு எவ்வளவு தொலைவு விலகி வந்திருக்கிறது என்பதை அதுவே உணர்த்தும்.

அமெரிக்காவிலும் ‘உண்மையான கௌபாய் யார்?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் குணநலன்களைத்தான் விடையாகச் சொல்கிறார்கள். துணிவு, சொற்சுருக்கம், எவருக்கும் அடங்காமை, உழைப்பில் பெருமிதம் ஆகியவை அப்பட்டியலில் தவறாமல் இடம்பெறும். இக்கட்டுரை அவ்விடையை ஏற்கவில்லை. கௌபாய், பண்ணையார், உழவர் என்பவை மூன்று உடைமை நிலைகளின் பெயர்கள் என்பதே இதன் வாதம். மாடு யாருடையது, புல் யாருடையது, கடன் யாரிடம் என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே ஒருவர் இம்மூன்றில் யார் என்பதைத் தீர்மானித்தன. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஏறும் வழி 1880களில் திட்டமிட்டு அடைக்கப்பட்டது. அதே ஆண்டுகளில்தான் கௌபாயின் புகழுருவமும் பிறந்தது. இங்கே ‘பண்ணையார்’ என்பது பெரிய அளவில் மாடு வளர்க்கும் உடைமையாளரைக் குறிக்கும்.

1. வெறுமையாக்கப்பட்ட நிலம்

மேய்ச்சல் பொருளாதாரத்தின் முதல் நிபந்தனை நிலம். அது ஆளற்றுக் கிடந்ததாகச் சொல்வது வழக்கம். உண்மையில் அது வெறுமையாக்கப்பட்டது. 1874 செப்டம்பர் 28 அன்று டெக்சாஸின் பாலோ டியூரோ பள்ளத்தாக்கில் கர்னல் ரானல்டு மெக்கன்சியின் படை, அங்கே தங்கியிருந்த கமாஞ்சே, கயோவா, செயென் மக்களைத் தாக்கியது. கைப்பற்றிய குதிரைகளில் 1,000-க்கும் மேற்பட்டவற்றைச் சுட்டுக் கொன்றது. குதிரையும் கூடாரமும் இழந்தவர்கள் பனிக்காலத்தில் ஒதுக்கீட்டு முகாம்களுக்குப் போவதைத் தவிர வேறு வழியற்றுப் போனார்கள். காட்டெருமை மந்தைகளும் தோல் வணிகத்துக்காக அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. இரண்டே ஆண்டுகளில், 1876-இல், மாட்டுப் பண்ணையாரான சார்லஸ் குட்நைட் அதே பள்ளத்தாக்கில் மாடுகளை இறக்கினார். ஜேஏ பண்ணை அங்கேதான் தோன்றியது.

சந்தையின் ஒரு பகுதியும் இப்படியே உருவானது. 1866-இல் குட்நைட்டும் அவருடைய கூட்டாளி ஆலிவர் லவ்விங்கும் தங்கள் முதல் மந்தையை ஓட்டிச் சென்றது நியூ மெக்சிகோவின் சம்னர் கோட்டைக்கு. அதையடுத்த போஸ்க் ரெடோண்டோவில் நவஹோ மக்களை அரசு அடைத்து வைத்திருந்தது. அவர்களுக்கு உணவளிக்க அரசு மாட்டிறைச்சி வாங்கியது. ஆக, தன் முயற்சியால் எழுந்ததாகப் போற்றப்படும் இத்தொழிலுக்குத் தொடக்க காலத்தில் நிலத்தைத் திறந்துவிட்டது படை. வாடிக்கையாளராக நின்றது அரசு.

2. சேணம் சொந்தம், குதிரை இரவல்

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது டெக்சாஸில் நீள்கொம்பு மாடுகள் பெருகிக் கிடந்தன. அங்கே ஏறத்தாழ 4 டாலருக்கு விற்ற மாட்டுக்கு வடக்குச் சந்தைகளில் 40 டாலர் வரை கிடைத்தது. இந்த வேறுபாட்டைப் பணமாக்க மாட்டு வணிகர் ஜோசப் மெக்காய் 1867-இல் கான்சாஸின் அபிலீனில், ரயில் பாதையோரம் மாட்டுப்பட்டிகளை அமைத்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் மாடுகள் டெக்சாஸிலிருந்து வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டதாகக் கணக்கிடுவர்.

ஒரு மந்தையில் 2,000 முதல் 3,000 மாடுகள். அவற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள். மாடுகள் எடை குறையாமல் சந்தை சேர வேண்டும் என்பதால் நாளொன்றுக்கு 16 முதல் 24 கிலோமீட்டர்தான் நடை. மந்தையின் முன்முனையில் தேர்ந்தவர்கள் செல்வார்கள். வால்பக்கம் புழுதியை விழுங்கிக்கொண்டு வருவது புதியவர்களின் பாடு. இரவிலும் முறை வைத்துக் காவல். இடி முழங்கினால் மந்தை மிரண்டு ஓடும். ஆற்று வெள்ளத்தில் ஆளும் மாடும் அடித்துச் செல்லப்படுவதும் உண்டு. இரண்டு மூன்று மாதம் நீளும் இந்த வேலைக்கு மாதக் கூலி 25 முதல் 40 டாலர். சமையற்காரருக்குப் பெரும்பாலும் கௌபாயைவிடக் கூடுதல் சம்பளம். சேணம் கௌபாயின் சொந்தப் பொருள். அதை வாங்கவே ஒரு மாதக் கூலியோ அதற்கு மேலோ செலவாகும். ஏறிச் சென்ற குதிரையோ பெரும்பாலும் முதலாளியுடையது.

இத்தொழிலின் நுட்பங்களையும் ஆங்கிலோ அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கொம்புப்பிடி வைத்த சேணம், சுருக்குக்கயிறு, மந்தை திரட்டல், சூட்டுக்குறி எல்லாம் மெக்சிகோவின் மாட்டுக்காரர்களான வாக்கெரோக்களிடமிருந்து வந்தவை. மந்தை ஓட்டியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. அடிமையாகப் பிறந்த போஸ் ஐகார்டு குட்நைட்டின் மிக நம்பிக்கைக்குரிய ஆள். மாடு விற்ற பணத்தைச் சுமந்து வரும் பொறுப்பு அவருடையது. 1929-இல் அவர் இறந்தபோது குட்நைட் அவருக்கு நினைவுக்கல் நாட்டினார். குட்நைட்டின் பெயர் பண்ணைகளோடு நிலைத்தது. ஐகார்டின் பெயர் அக்கல்லின் வழியாகவே பெரிதும் நிலைத்தது. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாட்டைத் துணிவோ திறமையோ கொண்டு அளக்க முடியாது.

3. ஏணி அகற்றப்பட்ட ஆண்டுகள்

தொடக்கத்தில் ஏறும் வழி இருந்தது. திறந்த மேய்ச்சல் நிலத்தில் தாயைப் பிரிந்து, சூடு போடாமல் திரியும் கன்றுக்கு முதலில் குறி வைப்பவரே உரிமையாளர். சில பண்ணைகள் கூலியின் ஒரு பகுதியைக் கன்றுகளாகக் கொடுத்தன. ஆட்களின் சிறு மந்தைகள் பண்ணை மாடுகளோடு சேர்ந்து மேயவும் விட்டன. சிக்கனமாக இருந்த கௌபாய் சில ஆண்டுகளில் தானே சிறு உடைமையாளராகலாம். இந்த எதிர்பார்ப்பும் குறைந்த கூலியை ஏற்க ஒரு காரணம்.

1880களின் தொடக்கத்தில் கிழக்கு அமெரிக்க, பிரித்தானிய மூலதனம் மேய்ச்சல் நிலத்துக்குள் பாய்ந்தபோது இந்த ஏற்பாடு குலைந்தது. பங்குதாரருக்கு லாப ஈவு காட்ட வேண்டிய நிறுவனங்கள், தம் ஆட்கள் சொந்தக் குறி வைத்திருப்பதைத் திருட்டுக்கான வாசலாகக் கண்டன. 1883 வசந்தத்தில் டெக்சாஸின் வடக்கு முனையில் எல்ஐடி, டி ஆங்கர், எல்எஸ் முதலிய பண்ணைகளைச் சேர்ந்த கௌபாய்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவே பின்புலம். 24 பேர் கையொப்பமிட்ட அறிக்கையில் மாதம் 50 டாலருக்குக் குறைந்து வேலை செய்வதில்லை என்றார்கள். சமையற்காரருக்கும் அதே 50 டாலர், குழுத் தலைவருக்கு 75 டாலர் கேட்டார்கள். எவருக்கும் அடங்காதவர் எனப் புகழப்படுபவர்கள் கூட்டாகக் கையெழுத்திட்டுக் கூலி உயர்வு கேட்ட ஆவணம் இது. மாற்று ஆட்கள் எளிதில் கிடைத்ததால் போராட்டம் சில மாதங்களில் தோற்றது.

எக்ஸ்ஐடி பண்ணையின் விதிகள் இன்னும் தெளிவானவை. ஆஸ்டினில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைக் கட்டித்தந்ததற்கு ஈடாக 30 லட்சம் ஏக்கரைப் பெற்ற சிகாகோ கூட்டமைப்பின் பண்ணை அது. 1888-இல் வகுத்த விதிகளின்படி பணியாளர் எவரும் பண்ணையில் சொந்த மாடு வைத்திருக்கக் கூடாது, மது கூடாது, சூதாட்டம் கூடாது, கைத்துப்பாக்கியும் கூடாது. கௌபாயின் அடையாளமாக நாம் அறிந்த துப்பாக்கியை நாட்டின் மிகப் பெரிய பண்ணைகளுள் ஒன்று தன் ஆட்களுக்குத் தடை செய்திருந்தது.

வயோமிங்கில் சட்டமே பண்ணையாரின் பக்கம் நின்றது. குறியில்லாக் கன்றுகளைக் கால்நடை வளர்ப்போர் சங்கத்தின் கட்டுப்பாட்டில் வைத்தது 1884-ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தக் குறி வைத்த கௌபாய்களின் பெயர்கள் கறுப்புப் பட்டியலில் ஏறின. மோதல் 1892 ஏப்ரலில் முற்றியது. பெரும் பண்ணையார்கள் டெக்சாஸிலிருந்து துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி ஜான்சன் கவுண்டிக்குள் நுழைந்தார்கள். கௌபாயாக இருந்து சிறு மந்தை சேர்த்த நேட் சாம்பியனும் அவருடைய தோழர் நிக் ரேயும் கொல்லப்பட்டார்கள். படையெடுத்து வந்தவர்களை உள்ளூர் மக்கள் திரண்டெழுந்து முற்றுகையிட்டபோது, அவர்களை மீட்டது ஒன்றிய அரசின் குதிரைப்படை. இறுதியில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. சாம்பியன்மீது சாட்டப்பட்டது மாட்டுத் திருட்டு. பிறர் மாட்டைத் திருடுவதும், கூலியாள் தனக்கென மாடு வைத்துக்கொள்வதும் பெரும் பண்ணையார்களின் பார்வையில் ஒன்றாகியிருந்தன.

4. பண்ணையாரும் அவருடைய முதலாளிகளும்

கௌபாய்க்கு மேலே நின்ற பண்ணையாரும் முழு உரிமையாளர் அல்லர். ஜேஏ பண்ணையின் பணம் அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் அடேரிடமிருந்து வந்தது. ஒப்பந்தப்படி குட்நைட்டுக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளமும் மூன்றில் ஒரு பங்கும். ஐந்தாண்டில் லாபம் 5 லட்சம் டாலரைக் கடந்தது. பெரும்பங்கு மூலதனத்துக்கே போனது. டெக்சாஸில் மாடு வளர்த்த மாட்டடோர் நிறுவனம் 1882-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பதிவானது. டெக்சாஸ் புல்லின் கணக்கு வழக்கு அங்கே சணல் ஆலை நகரத்தில் சரிபார்க்கப்பட்டது.

மாடு பண்ணையாருடையது என்றாலும் புல் பெரும்பாலும் அவருடையதல்ல. வடக்குச் சமவெளியில் மாடுகள் மேய்ந்தது பெரிதும் அரசு நிலத்தில். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கைப் போன்ற பொதுப் பரப்பு அது. பண்ணையார்கள் தண்ணீர்க் கரையைப் பிடித்துக்கொண்டு சுற்றுப்புறப் புல்வெளியை ஆண்டார்கள். இலவசப் புல்லில் எவரும் மாட்டைக் குறைக்க முன்வரவில்லை. 1886 கோடை வறண்டது, புல் மொட்டையானது. அடுத்து வந்த பனிக்காலத்தில் உருகிய பனி மீண்டும் கட்டியாக உறைந்து எஞ்சிய புல்லையும் மூடியது. வசந்தத்தில் பள்ளத்தாக்குகள்தோறும் மாட்டுப் பிணங்கள். டக்கோட்டாவில் மந்தை வைத்திருந்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் தம் முதலீட்டின் பெரும்பகுதியை இழந்தார். பல நிறுவனங்கள் திவாலாயின.

இதற்குப் பிறகு பண்ணையார் உழவராக மாற வேண்டியதாயிற்று. பனிக்காலத்துக்கு உலர்புல் சேமிக்காமல் மாடு வளர்க்க முடியாது என்றானது. கோடையில் புல் அறுப்பதும் வேலிக்குக் குழி தோண்டுவதும் கௌபாயின் அன்றாட வேலைகளாயின. குதிரைமீதிருந்து செய்ய முடியாத வேலையைச் செய்ய மறுத்தவர்களுக்கு இடம் குறைந்தது.

5. வேலிக்கு உள்ளே உழவர்

உழவரின் கதை நிலத்திலிருந்து தொடங்குகிறது. 1862-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஐந்தாண்டு குடியிருந்து பயிரிடுபவருக்கு 160 ஏக்கர் அளித்தது. ஈரமுள்ள கிழக்குப் பகுதியில் ஒரு குடும்பம் பிழைக்க அது போதும். வறண்ட மேற்கில் போதாது. நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் தம் 1878-ஆம் ஆண்டு அறிக்கையில் மேய்ச்சலுக்கு 2,560 ஏக்கர் தேவை என்று சொன்னார். அது அப்போது ஏற்கப்படவில்லை. மேற்கு முழுவதும் மேய்ச்சலுக்கென 640 ஏக்கர் தரும் சட்டம் வர 1916 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் வறட்சியில் தோற்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களுக்குத் தரப்பட்ட அளவே தவறு.

மரமற்ற சமவெளியில் பயிரை மாட்டிடமிருந்து காக்க வழி தந்தது முள்கம்பி. இல்லினாய்ஸ் உழவர் ஜோசப் கிளிடன் 1874-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உழவர்கள் மட்டும் வேலி போடவில்லை. பெரும் பண்ணைகளும் பொதுநிலத்தையும் பாதைகளையும் நீர்நிலைகளையும் வளைத்தன. 1883-இல் டெக்சாஸில் இரவோடு இரவாக வேலி அறுக்கும் பூசல் வெடித்தது. மறு ஆண்டே வேலி அறுப்பது கடுங்குற்றமாக்கப்பட்டது. உழவருக்கும் பண்ணையாருக்கும் இடையிலான பகை என்று இதைச் சுருக்குவது முழு உண்மையாகாது. அறுத்தவர்களில் சிறு மாட்டுக்காரர்கள் ஏராளம். கோடு விழுந்தது சிறியவருக்கும் பெரியவருக்கும் இடையே.

நிலம் கைக்கு வந்தும் விலை கைக்கு வரவில்லை. ரயில் கட்டணமும் கடன் வட்டியும் உழவரின் வரவைத் தின்றன. 1877-இல் டெக்சாஸின் லாம்பசாஸில் தோன்றிய உழவர் கூட்டணி அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஒரு தேசிய அரசியல் கட்சிக்கு அடித்தளமானது அதனால்தான்.

6. இரண்டு மறுப்புகள்

உடைமையை மட்டும் அளவுகோலாக்கினால் தொழிலின் அறிவும் பெருமிதமும் விடுபடுமே என்று கேட்கலாம். மாட்டின் காதசைவிலிருந்து அது மிரளப்போவதை உணர்வதும், கன்று ஈனச் சிரமப்படும் பசுவுக்கு நள்ளிரவில் கை கொடுப்பதும் ஏட்டில் கற்பவை அல்ல. ஆனால் அந்தத் திறமைக்கு ஒரு விலை உண்டென்று முதலில் சொன்னவர்கள் அதே திறமையாளர்கள்தாம். 1883-இன் அறிக்கை பெருமிதத்துக்கு எதிரானதன்று. பெருமிதத்தின் எழுத்து வடிவம் அது.

ஏறியவர்களும் உண்டே என்பது அடுத்த மறுப்பு. குட்நைட்டே பிறர் மாட்டைப் பங்குக்குப் பார்த்துத் தொடங்கியவர். ஆனால் அவர் ஏறியது குறியில்லாக் கன்றும் உரிமை கோராத புல்லும் இருந்த குறுகிய காலத்தில். அந்தக் காலம் முடிந்தபின் அதையே முயன்ற சாம்பியனுக்கு நேர்ந்ததைப் பார்த்தோம்.

ஏணி அகற்றப்பட்ட அதே 1883-இல் மேடைக் கலைஞர் பஃபலோ பில் தம் காட்சியை ஒமஹாவில் தொடங்கி, கௌபாயை மேடை நாயகனாக்கினார். எழுத்தாளர் ஓவன் விஸ்டர் 1885-இல் வயோமிங்கில் தங்கியது ஃபிராங்க் வொல்காட்டின் பண்ணையில். 1892 படையெடுப்புக்குத் தலைமை தாங்கியவர் இந்த வொல்காட்தான். விஸ்டர் 1902-இல் எழுதிய ‘தி வர்ஜீனியன்’ நாவலின் நாயகன் பண்ணையின் மேற்பார்வையாளன். மாட்டுத் திருடர்களைத் தூக்கிலிடுகிறான். முடிவில் தானும் உடைமையாளனாகிறான். வரலாற்றில் மறுக்கப்பட்ட உயர்வைக் கதை தந்தது. அதற்கு அவன் செலுத்திய விலை, தன்னைப் போன்ற கூலிகளுக்கு எதிராக நிற்பது.

முடிவுரை

இந்த மூன்று கேள்விகளும் இன்றும் செல்லுபடியாகின்றன. 1934-ஆம் ஆண்டு டெய்லர் மேய்ச்சல் சட்டத்துக்குப் பின் மேற்கின் பண்ணையார் அரசு நிலத்தில் கட்டணம் செலுத்தி மேய்க்கிறார். பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய அக்கட்டணம் பல ஆண்டுகளாக 1.35 டாலராகவே இருந்துவந்தது. எனவே அரசு தலையிடாத வாழ்க்கை என்னும் அவருடைய பெருமைக்குப் பொருள் சுருங்குகிறது. கொழுக்கவைத்த மாடுகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை நான்கு நிறுவனங்களே அறுப்பதால் விலை பேசும் வலிமையும் அவரிடம் இல்லை. ஆண்டுக்கு 1,000 டாலர் விளைபொருள் விற்றாலே பண்ணை என்று கணக்கெடுக்கும் நாட்டில், பண்ணைக் குடும்பங்களில் பெரும்பாலானவை வாழ்வது வெளி வருமானத்தில். உழவர்களின் சராசரி வயது 2022 கணக்கெடுப்பில் 58.1. மலைச் சரிவுகளில் ஆடு மேய்த்துத் தனியே மாதக்கணக்கில் கிடப்பவர்களில் பலர் பெருவிலிருந்து தற்காலிக விசாவில் வருபவர்கள். அன்றைய கௌபாயின் இடத்துக்கு மிக நெருங்கி இருப்பவர்கள் அவர்களே. ஆனால் அந்தப் பட்டத்தை அவர்களுக்கு யாரும் சூட்டுவதில்லை.

ஆகவே கௌபாய் என்பவர் பிறர் மாட்டைத் தம் அறிவால் காத்த கூலித் தொழிலாளி. பண்ணையார் என்பவர் பிறர் பணத்தையும் பொதுப் புல்லையும் சேர்த்து மந்தையாக்கியவர். உழவர் என்பவர் நிலம் பெற்றும் விலையைப் பெறாதவர். இவர்களின் குணங்களைப் புகழ்வதில் தவறில்லை. ஆனால் புகழ்ச்சி கூலிக்கும் உரிமைக்கும் மாற்றாக வழங்கப்படும்போது அதை ஆய்வு ஏற்கக் கூடாது. அமெரிக்க மேற்கைப் பற்றி எழுதுவோர் தொப்பிக்குக் கொடுக்கும் இடத்தைக் கூலிக் கணக்குக்கும் குறிப் பதிவேட்டுக்கும் கொடுத்தால், இம்மூவரையும் அவரவர் சொந்தப் பெயரில் சந்திக்க முடியும்.