எங்கட ஊர்ப் பிள்ளையள்



எழுவைதீவுக்கும் நயினாதீவுக்கும் இடையே கிடக்கிறது அனலைதீவு. ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறினால்தான் அங்கு போகலாம். புகையிலைத் தோட்டமும் கடற்றொழிலும் சீவனமாயிருந்த அந்த ஊருக்குப் பாட்டு இரண்டு வழியால் வந்தது. ஒன்று கோயில் திருவிழா. மற்றது திண்ணையில் பற்றரியில் பாடிய வானொலி. வானொலியில் வந்ததோ பெரும்பாலும் தமிழகத்துச் சினிமாப் பாட்டு. ஆகவே, நல்ல பாட்டென்றால் அது கடல் கடந்துதான் வரும் என்று எண்ணப் பழகிவிட்டோம். நமது வாய்ப்பேச்சிலும் ஒரு பாட்டு மேடையேறலாம் என்பதை நாம் உணர்ந்தது எப்போது? இதற்கு விடை காணுமுன் இங்கிலாந்தில் ஒரு சிறிய மண்டபத்தை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அது 1960 டிசெம்பர் 27. லிவர்பூலுக்கு அருகிலுள்ள லிதர்லண்ட் நகர மண்டபத்தில் ஒரு நடன விழா. நத்தார் கழிந்து இரண்டு நாள். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக் களியாட்ட விடுதிகளில் மூன்று மாதத்துக்கு மேல் இரவிரவாக வாசித்துவிட்டு வந்த சில இளைஞர்களுக்கு, ஆறு பவுண் கூலியில் அன்று மேடை கிடைத்தது. ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், பீற் பெஸ்ற் ஆகியோருடன், பேஸ் கிற்றார் வாசிக்கச் சாஸ் நியூபி என்ற நண்பர். குழுவின் பெயர் பீற்றில்ஸ்.

விளம்பரத்தில் 'ஹம்பேர்க்கிலிருந்து நேரே' என்று போட்டிருந்தார்கள். சனம் இவர்களை ஜேர்மனியர் என்றே எண்ணியது. திரை விலகியது. முதற் பாட்டு எழுந்ததும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டு மேடையை நெருங்கினார்கள். பின்னர் சிலர் வந்து, 'நல்லாய் இங்கிலீசு கதைக்கிறீர்களே' என்று இவர்களை மெச்சினார்களாம்! பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் என்று தெரிந்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இவர்களுடைய முதல் இசைத்தட்டு பிரித்தானியாவில் வெளிவர 1962 ஒக்டோபர் வரை செல்ல வேண்டியிருந்தது. ஆனால் உலகை ஆளப்போகும் குழுவை முதலில் இனங்கண்டவை இத்தகைய சிறு மண்டபங்களே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அந்த அலை 1960களின் பிற்பகுதியில் இலங்கையையும் தொட்டது. சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவோடு மின் கிற்றாரை மேடையேற்றினார்கள். தமிழில் உரும்பிராய் தந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு வந்தார். அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்தவர் அவர். தமிழ்ப் பொப் இசையின் முன்னோடி என்று போற்றப்படுபவர். மாமியிடம் மகளை விசாரிக்கும் பகிடியை அவர் பாடினார். கள்ளுக்கடைக்குப் போகாதே என்ற புத்திமதியையும் சிரிப்பாகவே பாடினார். அங்கே சினிமாத் தமிழ் இல்லை. படலையடியில் நின்று நாம் கதைக்கும் தமிழ் இருந்தது. லிதர்லண்டில் நடந்த அதே வியப்பு நம்மிடமும் நடந்தது. 'இது எங்கட ஊர்ப் பிள்ளையின்ர குரலெல்லோ!'

சங்கீதம் அறிந்த சிலர் முகஞ்சுளித்தார்கள். இது இரவல் மெட்டு என்றார்கள். ஆனால் பொப்போடு கலந்து நின்ற பைலா, போர்த்துக்கேயரோடு வந்து இந்நாட்டில் ஊறிய தாளம். அந்தப் பெயரே போர்த்துக்கேய மொழியில் ஆடுதலைக் குறிக்கும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டையை எழுப்பியவர்களும் அவர்களே. கோட்டையை நம்முடையதாகக் கண்டுவிட்டோம். தாளத்தை மட்டும் அந்நியம் என்பது நியாயமாகுமா?

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு தமிழக இதழ்களின் வரவைக் குறைத்தது. நம்மவர் எழுத்துக்கும் பாட்டுக்கும் சற்று இடம் விரிந்தது. ஏ.ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து பாடிப் பரப்பிய 'சுராங்கனி' கடலைத் தாண்டியது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையிலும் அது ஒலித்தது. எப்போதும் இக்கரைக்கு வந்த பாட்டு, ஒரு தடவை இங்கிருந்து அக்கரைக்குப் போனது. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார்.

லிதர்லண்டின் அந்த இரவு இன்றும் வாழ்வதற்குக் காரணம் என்ன? கண்டவர்கள் சொன்னார்கள், கேட்டவர்கள் எழுதிவைத்தார்கள். நமது பாடசாலை மண்டபங்களிலும் சனசமூக நிலைய முற்றங்களிலும் நடந்த முதற் கச்சேரிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1990இலும் 1991இலும் போர் தீவகத்து மக்களைப் பெயர்த்தது. கச்சேரித் துண்டுப்பிரசுரத்தை யார் காவிக்கொண்டு ஓடுவார்கள்? உயிரைத்தான் காவினார்கள்.

ஆனாலும் அந்தப் பாட்டுகளைக் கேட்ட காதுகள் இன்னும் சில இருக்கின்றன. அனலைதீவிலும் இருக்கலாம், ரொறன்ரோவிலும் இருக்கலாம். உங்கள் வீட்டில் அப்படியொரு மூத்தவர் இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் இருந்து கேளுங்கள். எந்த மண்டபம், யார் பாடினார், ஒலிபெருக்கி யாருடையது, சனம் என்ன சொன்னது? ஒரு கொப்பியில் எழுதுங்கள். நம் பாட்டின் சரித்திரத்துக்கு அதுதான் முதல் ஏடு.